காலைத் தூக்கிக்கொள்ளும் பூட்டுக்காரர்

‘டக்’ என்று எங்கள் வாசற்கதவின் வெளித்தாழ்ப்பாள் எழும்பி விழுந்தால், சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து கைப்பிடி இரண்டு முறை ஆடும். பிறகு ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தில், வெளியே நிற்பவர் தலையை ஒருதரம் ஆட்டி எங்கள் கதவுக்குப் பாஸ் மார்க் போடுகிறார். கதவிலுள்ள கண்ணாடித் துளை வழியாக நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழைப்பு மணி அவர் தோளுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை அவர் தொட்டதே இல்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன். எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டியபடி உள்ளே வருவார்.

“என்ன சார், இன்னிக்கு எது?”

“ரொம்ப மட்டமான பேய்ப் படம்.”

“அப்ப சரி,” என்று சோபாவில் நடுவாக இடம்பிடித்து உட்காருவார். ஓரத்தில் உட்கார மாட்டார். ஓரத்தில் இருப்பவனைத்தான் பேய் முதலில் பிடிக்கும் என்பது அவருடைய அனுபவம்.

இந்தக் கட்டைவிரல் சோதனை எங்கள் வீட்டுக் கதவோடு நிற்பதில்லை. பல் டாக்டர் அறை, தபால் ஆபீஸ், பொதுக் கழிப்பறை, மாமனார் வீட்டு பீரோ என்று எந்தக் கதவு எதிர்ப்பட்டாலும் சரி, கட்டைவிரலால் ஒரு நெம்பு, கைப்பிடியில் இரண்டு இழுப்பு, தலையில் ஓர் ஆட்டு. கொட்டாவி விடுவது மாதிரி அது தானாக நடக்கும். தான் இப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “நானா? நான் எதுக்கு சார் ஊர்க் கதவையெல்லாம் நோண்டப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?” என்று கோபித்துக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் என் வரவேற்பறைக் கதவை ‘டக்’ என்று சோதித்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஆள் ஆஜானுபாகு. கடைக்குள் அவர் நுழைந்தால் கடையில் வேறு எதுவும் நுழைய முடியாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு முக்கோணப் பொந்து, அதில் சாவி வெட்டும் மெஷின், சுவர் நிறையக் கொக்கிகள், கொக்கிகள் நிறைய வெட்டாத சாவிகள். மேலே யாராவது படியேறினால் சாவிகள் அத்தனையும் சேர்ந்து கிலுகிலுக்கும். அந்தக் கிலுகிலுப்புக்கு நடுவில் தடித்த கண்ணாடியும் அதைவிடத் தடித்த மீசையுமாக அவர் அரத்தால் சாவியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த மீசையைப் பற்றி அவர் மனைவி உட்பட யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

தொழிலில் அவருக்குப் பயம் என்ற பேச்சே கிடையாது. பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு, எலி ஓடும் கிடங்கு, கரண்ட் இல்லாத நிலவறை என்று எங்கே கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவார். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்தான் நடுங்கிக்கொண்டு வெளியே நிற்பார். இவர் இருட்டுக்குள் போய், உள்ளே இருந்து, “வாங்க, ஒண்ணும் இல்ல. வௌவால்தான்” என்பார்.

அப்படிப்பட்டவர் பேய்ப் படம் பார்க்கும்போது படும் பாட்டைப் பார்க்கத்தான் நான் சனிக்கிழமைகளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. படம் ஒரு சாக்கு. உண்மையில் நான் பார்ப்பது அவரை.

அதிலும் நன்றாக எடுத்த படம் அவரை அசைக்காது. பெரிய செலவில், பளபளவென்று, பார்த்தவர்களெல்லாம் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொன்ன படத்தை ஒருமுறை போட்டேன். பாதியில் குறட்டை விட்டார். எழுப்பிக் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“நல்லா எடுக்கிறவன் எல்லாத்தையும் கணக்கு போட்டு வச்சிருப்பான் சார். இப்ப மியூசிக் ஏறும், இப்ப பேய் வரும்னு நமக்கே தெரிஞ்சிடும். அரைகுறையா எடுக்கிறவன் படத்துல பேய் எப்ப வரும்னு எடுத்தவனுக்கே தெரியாது. அவனுக்கே தெரியாதப்ப நான் எங்க சார் போறது?”

ஆகவே அரைகுறைப் படங்களாகத் தேடிப் பிடிப்பேன். நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி நடுப்பகலை நள்ளிரவாக்கிய படங்கள். ஆவிக்குக் கையில் வாட்ச் இருக்கும். எலும்புக்கூட்டின் மண்டையில், பள்ளிக்கூட லேபில் மாட்டி வைத்திருந்த கொக்கி அப்படியே இருக்கும். கத்தி குத்தும்போது வளையும். டியூப்லைட் பளீரென்று எரியும். நாயகி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு இருட்டில் தடுமாறுவாள். நடு ஊரில், நாலாவது மாடியில், ஜன்னலுக்கு வெளியே ஓநாய் ஊளையிடும். எல்லாவற்றையும் பூட்டுக்காரர் கவனிப்பார், எல்லாவற்றுக்கும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே பயப்படுவார். அந்த வித்தை எனக்குப் புரிந்ததே இல்லை.

கதவு வந்துவிட்டால் மட்டும் தொழில் விழித்துக்கொள்ளும். “பாருங்க சார், கீலை மாத்தி மாட்டியிருக்கான். தானா திறக்காம என்ன பண்ணும்? ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா இந்தப் பேயே வந்திருக்காது,” என்பார். “அவதான் சுவத்துக்குள்ள பூந்து வர்றாளே, அப்புறம் எதுக்குக் கதவத் தட்டுறா? மரியாதைக்கா?” என்று கேட்பார். கேட்டு வாய் மூடுவதற்குள் அவள் கதவைத் தட்டுவாள். பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றுவார்.

கண்ணாடி கழன்றால் அது முதல் கட்டம். துடைப்பதற்கு என்று சொல்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு டிவி இருக்கும் திசைகூடத் தெரியாது. இரண்டாவது கட்டத்தில் கைக்குட்டை வாய்க்குள் போகும். மூன்றாவது கட்டம்தான் அசல். அத்தனை பெரிய உடம்பிலிருந்து இரண்டு கால்களும் தரையை விட்டுச் சட்டென்று எழும்பி சோபாவில் சம்மணம் ஆகிவிடும். கீழே தொங்கும் காலைத்தான் அது பிடிக்குமாம். எழும்பிய கால் படம் முடிந்தாலும் இறங்காது.

“சார், சோபாவுக்கு அடியில ஒரு தடவ பாத்துடுங்க.”

குனிந்து பார்ப்பேன். “ஒண்ணும் இல்ல.”

“சரியா பாத்தீங்களா?”

“உங்க செருப்பு ஒண்ணு இருக்கு.”

“அது எப்படி சார் அங்க போச்சு?” என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

தன் வீட்டிலேயே பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அவர் மனைவி இருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிணவறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடிப்பதாகச் சொல்வார். காற்று நன்றாக வருமாம். பேயைத் திரையில் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். “இது என்னங்க, பேயா? ரத்தசோகைங்க. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா சரியாயிடும்” என்பார். “அவ சிரிச்சே பேயை விரட்டிடுவா சார். அப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கு?” என்பது பூட்டுக்காரரின் மனக்குறை.

இந்த அம்மாவுக்கு ஒரு தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். பூட்டுக்காரரின் மச்சினன். ஊரார் கல்யாணத்தில் ஊரார் சாப்பிடுவதைப் படம்பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், போன வருஷம் தானே ஒரு பேய்ப் படம் எடுக்கக் கிளம்பினார். படத்தின் பெயர் ‘மறுபடியும் மூன்றாம் அறை’. முதல் தடவை எப்போது வந்தது என்று கேட்டேன். “வரவே இல்ல சார். ரெண்டாம் பாகம்னா ஜனங்க ஒரு மதிப்பு வச்சுப் பாப்பாங்க,” என்றார். அவர் முகத்தில் கேலியே இல்லை. சினிமாவைப் பற்றிப் பேசும்போது அந்த ஆளுக்குக் கண் கலங்கிவிடும். கிண்டல் செய்ய நாக்கு துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டேன்.

படப்பிடிப்பு ஒரு காலி வீட்டில். தானாகத் திறக்கும் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பூட்டுக்காரருக்கு. முதல் நாள் காலையிலேயே போய், கடமை உணர்ச்சியோடு, வீட்டிலிருந்த கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டார். மச்சினன் வந்து மூன்றாம் அறைக் கதவைத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி சத்தமில்லாமல் திறந்தது.

“மாமா! இந்தக் கதவு கிறீச்சுனு கத்துதுன்னுதானே இந்த வீட்டையே புடிச்சேன்!”

“கத்துச்சு மாப்ள. அதான் சரி பண்ணிட்டேன்,” என்றாராம் இவர் பெருமையாக.

கடைசியில் அந்தக் ‘கிறீச்’சை மச்சினனே வாயால் போட வேண்டியதாயிற்று. படத்தில் இன்றைக்கும் கேட்கலாம். கதவு திறந்து முடியும் இடத்தில் லேசாக ஒரு இருமல் வரும்.

அடுத்த இடி, பேயாக நடிக்க வந்த பெண். தரை துடைக்கும் மாப்பின் நூலை உருவிக் கறுப்புச் சாயம் தோய்த்துச் செய்த சடாமுடியை அவள் தலையில் வைத்தார்கள். ஒரே மூச்சுதான் இழுத்தாள். நாளைக்குப் பரீட்சை என்று சொல்லிப் போனவள் திரும்பவே இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மச்சினன் சுற்றும்முற்றும் பார்த்தார். கதவில் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாமாதான் கண்ணில் பட்டார்.

“நீங்கதான் மாமா பேய்.”

“நானா? மீசை இருக்கே மாப்ள.”

“முடிய முன்னால விட்டு மறைச்சிடலாம்.”

“மீசைய எடுக்கணும்னு மட்டும் சொல்லிடாத. மத்தபடி சரி.”

ஜன்னல் திரைச்சீலை ஒன்றைச் சுற்றிக் கட்டினார்கள். ஓரத்திலிருந்த வளையங்களைப் பிரிக்க நேரமில்லை. கண்ணாடியைக் கழற்றியதால் பேய்க்குக் கண் தெரியவில்லை. எந்தப் பக்கம் போவது என்று பேய் கேட்டது. “நேரா வாங்க மாமா, சுவர் வந்தா நின்னுடுங்க,” என்று இயக்குநர் வழிகாட்டினார். நடித்தது தானே என்றாலும் தன் கோலத்தை இவர் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. அறையில் நிலைக்கண்ணாடி இருந்தது. அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பவில்லை. “எதுக்கு சார் வீண் வம்பு?” என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படம் முடிந்து, அதை எங்கள் கட்டடத்தின் கூட்ட அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டுவது என்று முடிவானபோதுதான் விஷயம் முற்றியது. மச்சினனுக்கு ஒரு ஸ்டூடியோவில் நிரந்தர வேலை காத்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் வேலை. ஆயுள் முழுக்க ஸ்டூலில் உட்காருபவர்களிடம் “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் மாமா வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

“ஒரே ஒருத்தராவது நிஜமா பயந்தா நான் அடுத்த படம் எடுப்பேன். ஒருத்தருமே பயப்படலன்னா திங்கக்கிழமை அந்த ஸ்டூலுக்குப் போயிடறேன். நான் உங்களத்தான் மாமா நம்பியிருக்கேன். ஆனா பாசத்துல பொய்யா பயந்துடாதீங்க. எனக்குத் தெரிஞ்சிடும். நான் உங்க மூஞ்சிய பாக்கப் போறதில்ல, காலைத்தான் பாக்கப் போறேன்.”

மறுநாள் பூட்டுக்காரர் சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் எங்கள் தாழ்ப்பாளை எழுப்பினார். உள்ளே வந்து பிஸ்கட்டைக்கூட நீட்டாமல் உட்கார்ந்தார். அப்படி ஒரு சோகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

“எந்தக் கதவு எப்ப திறக்கும்னு எனக்குத் தெரியும் சார். கயித்தை இழுத்ததே நான்தான். பேயும் நான்தான். எனக்கு நானே எப்படி சார் பயப்படுறது? எத்தனையோ தண்டப் படத்துக்குப் பயந்திருக்கேன். சொந்த மச்சினன் படத்துக்கு என்னால பயப்பட முடியலன்னா அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

அவரைத் தேற்றுவதற்காக, பொய்யாகப் பயப்படப் பழகலாம் என்றேன். அலறிக் காட்டச் சொன்னேன். வாயைத் திறந்து “ஆ” என்றார். டாக்டரிடம் தொண்டையைக் காட்டுவது மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாக என்றேன். தும்மினார். கால்களைத் தூக்கச் சொன்னேன். ஒரு காலைக் கையால் பிடித்து மேலே வைத்துவிட்டு, அடுத்த காலைத் தூக்குவதற்குள் முதல் கால் இறங்கிவிட்டது. உலகத்திலேயே நடிக்கத் தெரியாத மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவரைப் பேயாகப் போட்ட மச்சினனின் துணிச்சலை நினைத்து எனக்குத்தான் முதலில் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் கூட்ட அறை கிடைத்தது. சாயங்காலம் அங்கே ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். கலர் கலராகப் பலூன்கள் அப்போதே தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டி, கதவைச் சாத்தி, இடுக்கில் அட்டைகளை மடித்துச் சொருகினார்கள். கட்டடமே வந்திருந்தது. பூட்டுக்காரர் நடு வரிசையில், நடு நாற்காலியில். ஒரு பக்கம் அவர் மனைவி, மறுபக்கம் நான். மச்சினன் திரைக்குக் கீழே எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கண்கள் மாமாவின் பாதங்களில் இருந்தன.

படம் தொடங்கியது. மூன்றாம் அறைக் கதவு திறந்தது. ‘கிறீ...ச்’ என்று மச்சினனின் குரல் வந்தது, இருமல் வந்தது, அறை முழுக்கச் சிரிப்பு வந்தது. நாயகி ஜன்னல் வழியாக நிலாவைப் பார்த்தாள். நிலாவுக்குப் பக்கத்தில் காக்கை பறந்தது. அவள் நிலைக்கண்ணாடி முன் தலை வாரினாள். கண்ணாடிக்குள் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மூக்கைச் சொறிந்தார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்ஸம்மா தம்பிக்காகச் சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். துண்டின் ஒரு முனையை வாயில் திணித்துக்கொண்டு தோள்கள் குலுங்க உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மச்சினனின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. பூட்டுக்காரர் தவித்தார். இனியும் தாங்காது என்று நினைத்தாரோ என்னவோ, திடீரென்று “ஆ! ஐயையோ!” என்றார். அப்போது திரையில் நாயகி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. மச்சினன் மாமாவின் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் சமர்த்தாக இருந்தன. தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பலூன் ‘பட்’டென்று வெடித்தது. எல்லோரும் துள்ளினோம். நானும்தான், ஒப்புக்கொள்கிறேன். மச்சினன் ஆவலோடு நிமிர்ந்து மறுபடி கால்களைப் பார்த்தார். அசையவில்லை. “பலூனுக்கெல்லாமா சார் பயப்படுவாங்க?” என்று பூட்டுக்காரர் என் காதில் வருத்தத்தோடு சொன்னார்.

பிறகு பேய் வந்தது. திரைச்சீலையின் வளையங்கள் கலகலக்க, கைகளை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு, மூன்றாம் அறைக்குள் நுழைந்தது. எங்கிருந்தோ மின்விசிறிக் காற்று அடித்தது. மாப்புச் சடை ஒரு பக்கமாக விலகியது. நடுவில், எந்தப் பயமும் இல்லாமல், அந்த மீசை. அறை அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சரிந்தார். நர்ஸம்மாவின் வாயிலிருந்து துண்டு பறந்தது. மச்சினன் எழுந்துவிட்டார். படத்தை நிறுத்தத்தான் போனார் என்று நினைக்கிறேன். அந்த மனிதரின் முதுகைப் பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே கசந்தது.

திரையில் பேய் உள்ளே வந்து, திரும்பி, கதவைச் சாத்தியது. நாயகி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேய் அவள் பக்கம் போகவில்லை. கதவின் பக்கம் குனிந்தது. கட்டைவிரலால் உள்தாழ்ப்பாளை நெம்பியது. டக். கைப்பிடியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. பிறகு, நிதானமாக, தலையை ஒருதரம் ஆட்டிக்கொண்டது.

எனக்குப் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. நிஜமான கிறீச். திரும்பிப் பார்த்தேன். பூட்டுக்காரரின் இரண்டு கால்களும் நாற்காலியின் மேலே இருந்தன.

“பூட்டுறா!” என்று ஒரு குரல் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. “ஐயோ, உள்ள பூட்டுறா! பூட்டு புடிச்சிருக்கான்னு பாக்குறா சார்! யாரும் வெளிய போக முடியாதபடி பாத்துட்டுத்தான் வேலையவே ஆரம்பிக்கப் போறா!”

சிரிப்பு அறுந்து நின்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவசரமே இல்லாமல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிய அந்தப் பேயை நினைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் முதுகில் சில்லென்று ஒன்று ஓடியது. இருட்டில் யாரோ மெல்ல, “நம்ம கதவு திறந்துதானே இருக்கு?” என்று கேட்டார்கள். ஒருவர் எழுந்து போய் இழுத்தார். வரவில்லை. இடுக்கில் சொருகிய அட்டை கதவை இறுக்கிக்கொண்டிருந்தது.

சரியாக அதே நேரத்தில் வெளியிலிருந்து ‘டம் டம் டம்’ என்று தட்டும் சத்தம். பிறந்தநாள் மேஜையைக் கொண்டுவந்த வாட்ச்மேன்தான். ஆனால் அது யாருக்குத் தெரியும்? கட்டடமே ஒரே குரலாக அலறியது. யாரோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நானும் யாரையோ கட்டிக்கொண்டேன். பலூன்கள் வரிசையாக வெடித்தன. “பூட்டுக்காரரக் கூப்பிடுங்க! பூட்டுக்காரர் எங்க?” என்று கத்தினார்கள்.

பூட்டுக்காரர் நாற்காலியின் மேல் குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

“இறங்குங்க, போய்த் திறங்க!” என்றார் மனைவி.

“கீழ கால் வைக்க மாட்டேன்.”

“என்னங்க விளையாட்டு இது?”

“வைக்க மாட்டேன்னா வைக்க மாட்டேன்.”

நர்ஸம்மா எத்தனை ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்! நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். மச்சினன் ஓடி வந்து முன்னாலிருந்து இழுத்தார். கூட்டம் வழிவிட, பூட்டுக்காரர் நாற்காலி மேல் குந்தியபடியே கதவருகே வந்து சேர்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, தடவிப் பார்த்து, அட்டையை நெம்பி எறிந்தார். கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் முகத்தில் அடித்தது. எதிரே மேஜையோடு நின்ற வாட்ச்மேன், தன்னைப் பார்த்து இத்தனை பேர் அலறுவதைக் கண்டு மேஜையைப் போட்டுவிட்டு ஓடினார்.

மச்சினன் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். மாமாவின் பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “மேல இருக்கு அக்கா, ரெண்டும் மேல இருக்கு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ‘அந்தத் தாழ்ப்பாள் ஷாட் பிரமாதம்’ என்று ஆளுக்கு ஆள் வந்து கைகுலுக்கினார்கள். அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, பிறகு, “ஆமா, அதுக்குத்தான் ரொம்ப யோசிச்சேன்,” என்றார். என்னிடம் மட்டும் ரகசியமாக, “அத நான் எடுக்கச் சொல்லவே இல்ல சார். எப்படி வந்துச்சுன்னே தெரியல,” என்றார். ஸ்டூடியோவுக்கு அன்றே ஆளனுப்பி, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மாடிப்படி ஏறும்போது பூட்டுக்காரர் என் கையை விடவில்லை. “சத்தியமா சொல்றேன் சார். கை நீட்டி நடந்தேன். கதவச் சாத்தினேன். அவ்வளவுதான். தாழ்ப்பாளத் தொடவே இல்ல. மாப்ளையும் சொல்லல. அப்ப அதத் தொட்டது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். பின்னால் வந்த நர்ஸம்மா முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார். திரும்பினேன். சொல்லாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அந்தக் கண்ணில் அப்போது சிரிப்பு கொஞ்சமும் இல்லை. தம்பி கீழே இன்னும் யாருக்கோ படத்தை விளக்கிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. “யாருன்னு தெரியலையே,” என்று நான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், பிஸ்கட்டுக்குத் தொட்டுக்கொள்ள டீ போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ‘டக்’ என்று தாழ்ப்பாள் எழும்பி விழுந்தது. கைப்பிடி ஒருமுறை ஆடியது. இரண்டாவது முறை ஆடவில்லை. வெகுநேரம் ஆடவில்லை. போய்க் கதவைத் திறந்தேன். பூட்டுக்காரர் பிஸ்கட் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் வலது கட்டைவிரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மெல்லக் கொண்டுபோய்ச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, நான் கதவைத் திறந்துவிட்டு எதிரிலேயே நிற்கும்போதே, இடது கையை எட்டி அழைப்பு மணியை அடித்தார்.